ஒருவர் பதவியை மற்றவர் பறிக்கலாம்: கவர்னர் ஜெனரல் அதிகாரம் இயங்கும் விதம்

ஆஸ்திரேலியாவின் அரசியல் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாலும் ‘பிரதமர்’ என்ற சொல் ஓரிடத்திலும் தட்டுப்படாது. 1901இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 61ஆவது பிரிவு, நிர்வாக அதிகாரம் பிரிட்டிஷ் முடிக்குரியது, அதைச் செலுத்துபவர் மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் என்கிறது. அமைச்சர்களை நியமிப்பவர் அவர். அவர் விரும்பும் வரைதான் அவர்கள் பதவியில் நீடிக்கலாம் என்கிறது 64ஆவது பிரிவு. எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நாட்டை ஆள்பவர் அவரே.

நடைமுறை வேறு. அமைச்சர்கள் ‘ஆலோசனை’ சொல்வார்கள், அவர் கையொப்பமிடுவார். வீட்டில் பெரியவர்களிடம் கேட்கும் ஆலோசனையைக் கேட்டுவிட்டு நம் விருப்பப்படி நடக்கலாம். இந்த ஆலோசனையோ ஏற்றே தீர வேண்டியது. அப்படி ஏற்க வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் எழுதி வைக்கவில்லை. மரபுதான் அதைக் காக்கிறது. 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை ராஜாஜி டெல்லியில் வகித்ததும், இலங்கையில் 1972 வரை மகாதேசாதிபதி என்ற பெயரில் இருந்ததும் இதே பதவிதான்.

கவர்னர் ஜெனரலை யார் நியமிக்கிறார்? மன்னர். யார் சொல்லி? 1930இல் லண்டனில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் மாநாடு வரை பிரிட்டிஷ் அரசு சொல்லி. அதன் பிறகு அந்தந்த நாட்டின் பிரதமர் சொல்லி. 1930இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்கல்லின், அந்த மண்ணிலேயே பிறந்த ஐசக் ஐசக்ஸைத்தான் நியமிக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு அதில் விருப்பமே இல்லை, ஆனாலும் இணங்கினார்.

நியமிக்கச் சொல்லும் பிரதமரே நீக்கவும் சொல்லலாம். இந்த அமைப்பின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கவர்னர் ஜெனரல் பிரதமரை நீக்கலாம். பிரதமர் கவர்னர் ஜெனரலை நீக்க வைக்கலாம். ஆனால் இருவரின் வேகமும் ஒன்றல்ல. முன்னவருக்குக் கையொப்பமிட்ட ஒரு கடிதம் போதும். பின்னவர் லண்டனைத் தொடர்புகொண்டு அரண்மனையின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் நம்பும் வரை இந்த வேறுபாட்டால் ஒரு தீங்கும் வராது.

1975 அக்டோபரில் அந்த நம்பிக்கை உடைந்தது. மால்கம் ஃபிரேசரின் எதிர்க்கட்சி, நாடாளுமன்ற மேலவையான செனட்டில் தனக்கிருந்த பலத்தைக் கொண்டு நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களை நிறைவேறவிடாமல் தடுத்தது. அரசு ஊழியர் சம்பளத்துக்கான பணம் கரைந்துகொண்டிருந்தது. பிரதமர் கஃப் விட்லம் விட்டுக்கொடுக்கவில்லை. கவர்னர் ஜெனரல் ஜான் கெர், விட்லமே பரிந்துரைத்துக் கொண்டுவந்தவர்.

நவம்பர் 11, பகல் ஒரு மணி. செனட்டில் பாதி இடங்களுக்குத் தேர்தல் நடத்த ஒப்புதல் கேட்டு விட்லம் கவர்னர் ஜெனரல் மாளிகைக்கு வந்தார். ஃபிரேசர் அதற்கு முன்பே வந்து வேறோர் அறையில் காத்திருந்தார். அவருடைய கார் பார்வையில் படாதபடி நகர்த்தி நிறுத்தப்பட்டிருந்தது. வாசிப்பறையில் கெர் நீட்டிய கடிதம் விட்லமின் பதவியைப் பறித்தது. சற்று நேரத்தில் ஃபிரேசர் இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றார். தங்கள் அரசு கவிழ்ந்தது விட்லம் கட்சியின் செனட் உறுப்பினர்களுக்கே தெரியாது. பகல் 2.24க்கு அதே நிதி மசோதாக்களைத் தடையின்றி நிறைவேற்றி, புதிய அரசின் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று மணிக்கு மேல் கீழவையான மக்கள் பிரதிநிதிகள் சபை ஃபிரேசர் மீது நம்பிக்கையில்லை என்று 64-54 வாக்குகளில் தீர்மானம் போட்டது. அதைத் தெரிவிக்க வந்த சபாநாயகர் ஸ்கோல்ஸ் காக்க வைக்கப்பட்டார். 4.45க்கு, நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட அறிவிப்பை கெரின் செயலாளர் நாடாளுமன்ற வாசற்படியில் நின்று வாசித்தார். ஸ்கோல்ஸ் ராணிக்கு முறையிட்டார். இந்த முடிவு கவர்னர் ஜெனரலுடையது, இதில் ராணிக்குப் பங்கில்லை என்று அரண்மனை பதில் எழுதியது. டிசம்பர் தேர்தலில் ஃபிரேசர் பெருவெற்றி பெற்றார்.

அந்த வெற்றி கெர் செய்ததை நியாயப்படுத்திவிட்டது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. எச்சரித்தால் விட்லம் முந்திக்கொண்டு தன்னை நீக்கிவிடுவார் என்று கெர் அஞ்சினார். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் நாட்டின் பிரதமரிடம் உண்மையை மறைத்துப் பதவியைக் காத்துக்கொள்வது நடுவரின் வேலையல்ல. சபையின் வாக்கு வந்த பிறகும் அதற்குச் செவிகொடுக்காதது அதைவிடப் பெரிய பிழை.

பசிபிக் கடலின் சின்னஞ்சிறு தீவு நாடான துவாலுவில் 2013இல் இதே முடிச்சு வேறு விதமாக அவிழ்ந்தது. இடைத்தேர்தலில் பெரும்பான்மை கைநழுவிய பின், பிரதமர் வில்லி தெலாவி நாடாளுமன்றத்தைக் கூட்ட மறுத்தார். கவர்னர் ஜெனரல் இத்தலேலி தாமே கூட்டினார். பிறகு தெலாவியையும் நீக்கினார். தெலாவியோ இத்தலேலியை நீக்கும்படி ராணிக்கு எழுதினார். எதிர்க்கட்சித் தலைவர் ஏனலே சோபோவாகாவை இத்தலேலி இடைக்காலப் பிரதமராக்கினார். ஆனால் அடுத்த பிரதமர் யார் என்ற இறுதி முடிவு அவருடையதாக இருக்கவில்லை. சில நாட்களுக்குள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடி வாக்களித்து, சோபோவாகாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.