மனா: விளைச்சல்தான் சாட்சி

வழியில் விநோதமான ஒரு கல் கிடைக்கிறது. அதில் ஏதோ ஒரு பழத்தின் சாயல் தெரிகிறது. கண்டெடுத்தவர் அதைக் கொண்டுபோய் அந்தப் பழமரத்தின் அடியில் வைக்கிறார், அல்லது தோட்டத்தில் புதைக்கிறார். அந்தப் பருவத்தில் அமோகமாகக் காய்த்தால், சரி, கல்லில் மனா, அதாவது காரியத்தைப் பலிக்கச் செய்யும் ஆற்றல், இருக்கிறது. காய்க்காவிட்டால் அது வெறும் கல்.

19-ஆம் நூற்றாண்டில் பசிபிக் பெருங்கடலின் மெலனீசியத் தீவுகளில் மனாவைக் கண்டறிந்த விதம் இது. பதிவு செய்தவர் ராபர்ட் காட்ரிங்டன் என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி. அவர் 1877-இல் எழுதிய ஒரு கடிதமும் 1891-இல் வெளியிட்ட நூலும் ஐரோப்பிய அறிஞர்களைப் பிடித்து ஆட்டின. மதம் என்பதே எங்கிருந்து தொடங்கியது என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. எங்கும் பரவிக் கிடக்கும், ஆள்வடிவம் இல்லாத ஒரு சக்தி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? மின்சாரம் புதிதாக வந்திருந்த நேரம் வேறு. மனா மின்சாரம்போல ஓடுகிறது, தலைவர்கள் அதை ஏற்றி வைத்திருக்கிறார்கள், தொட்டால் ஆபத்து, அதனால்தான் 'தபு' (tapu) என்னும் தீண்டாத் தடைகள் என்று ஒரு சித்திரம் உருவாயிற்று. காய்த்ததா காய்க்கவில்லையா என்ற சோதனை அதில் காணாமல் போனது. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

1928-29-இல் மானுடவியலாளர் ரேமண்ட் ஃபர்த் டிக்கோப்பியாவில் ஓராண்டு தங்கினார். சாலமன் தீவுகளின் கிழக்கு ஓரத்தில், சுமார் 5 சதுர கிலோமீட்டரே உள்ள சிறு தீவு அது. மக்கள் பாலினீசியர்கள். அவர்கள் பேச்சில் மனா 'மனு' ஆகிறது. அது என்ன பொருள், எங்கே இருக்கிறது என்று ஃபர்த் துருவித் துருவிக் கேட்டார். அவர்களோ மழையையும் மீனையும் ஈரப்பலாவையும் காட்டினார்கள். தலைவர் வேண்டினார், மழை வந்தது, அது மனு. அவர் காலத்தில் மீன் கரையேறியது, அதுவும் மனு. விளைவை விட்டுவிட்டுச் சக்தியைத் தனியாகப் பேச அவர்களுக்கு அவசியமே இருக்கவில்லை.

அதே சாலமன் தீவுகளில், மலைட்டா தீவின் க்வாயோ மக்களிடையே ஆய்வு செய்த ரோஜர் கீசிங் 1984-இல் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னார். பல தீவு மொழிகளில் மனா ஒரு பண்டத்தின் பெயரே அல்ல, 'பலித்தது' என்பதைப்போல ஒரு வினை. மூதாதையர் துணை நின்றால் காரியம் பலிக்கும். பலித்ததை வைத்தே அவர்கள் துணை நின்றார்கள் என்று தெரிந்துகொள்வார்கள்.

அப்படியானால் தலைவர்களின் உடலிலேயே மனா குடியிருப்பதாகச் சொல்லும் ஹவாய், டஹிட்டி போன்ற இடங்கள்? அங்கே அரசர்களும் பூசாரிகளும் தனி வர்க்கமாக உயர்ந்தபோது பலனின் பெயர் பரம்பரைச் சொத்தாக மாறியது என்பது கீசிங்கின் விளக்கம். ஓரளவுக்குத்தான் அதை ஏற்க முடிகிறது. ஹவாயில்கூடப் பலன் என்ற சோதனை அழியவில்லை. முதலாம் கமேஹமேஹா பிறப்பால் மிக உயர்ந்தவர் அல்ல. போரில் வென்று தீவுகளை ஒன்றாக்கினார். அதோடு தன்னைவிடப் பல மடங்கு புனிதமான வம்சத்தில் வந்த கியோபுவோலானியை மணந்தார். வெற்றியும் வம்சமும் இரண்டும் தேவைப்பட்டன.

அந்தக் கியோபுவோலானி முன்னால் மக்கள் தரையில் விழுந்து கிடக்க வேண்டும். ஆனால் அவரும் பெண்தான். ஆண்களுடன் அமர்ந்து உண்ணக் கூடாது, பன்றியிறைச்சியும் தேங்காயும் பெரும்பாலான வாழைப்பழ வகைகளும் தொடக் கூடாது. 1819 மே மாதம் கமேஹமேஹா இறந்தார். அந்த ஆண்டிலேயே கியோபுவோலானி தன் இளைய மகனுடன் அமர்ந்து உண்டார். பிறகு ஒரு விருந்தில், புதிய அரசர் லிஹோலிஹோ எல்லோரும் பார்க்கப் பெண்களின் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். தெய்வங்கள் தண்டிக்கவில்லை. கோயில்களை இடிக்கவும் உருவங்களை எரிக்கவும் ஆணை பிறந்தது. பழைய முறையைக் காக்க எழுந்தவர் அரசரின் உறவினர் கெகுவாஒகாலானி. போர்த் தெய்வத்தின் காப்பாளர் பொறுப்பும் அவரிடமே இருந்தது. குவாமோஓ என்ற இடத்தில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை வெளியில் சண்டை நடந்தது. அவரும், பக்கத்தில் நின்று போரிட்ட மனைவி மானோனோவும் அங்கேயே மடிந்தார்கள். தெய்வத்தை வைத்திருந்தவரே தோற்றுவிட்டார். முதல் கிறிஸ்தவ மிஷனரிகள் அங்கே கால் வைத்தது அதற்குப் பிறகு, 1820-இல்தான். பழைய ஒழுங்கை ஹவாய்க்காரர்கள் தங்கள் அளவுகோலிலேயே நிறுத்துப் பார்த்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

நியூசிலாந்தில் மனா அரசியலுக்குள் போனது. 1835-இல் வடபகுதியின் பூர்வகுடிகளான மாவோரித் தலைவர்கள் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனம் நிலத்தின் மீதான மனா தங்களுடையது என்றது. 1840-ஆம் ஆண்டின் வைத்தாங்கி ஒப்பந்தமோ, பிரிட்டிஷ் முடியாட்சிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டதை 'கவர்னர் ஆட்சி' என்ற பொருள்படும் புதுச் சொல்லால் குறித்தது. மனாவையே கேட்டிருந்தால் எத்தனை பேர் கையெழுத்திட்டிருப்பார்கள் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. 1991-ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டத்தில் 'மனா வெனுவா', ஒரு பகுதியில் ஒரு குலத்துக்கு உள்ள மரபுவழி அதிகாரம் என்று இடம்பெற்றது.

வீடியோ கேம்களில் மந்திரம் போடப் போடக் குறையும் மனா, பழைய மின்சாரச் சித்திரத்தின் வாரிசு. 1969 முதல் அமெரிக்கக் கற்பனைக் கதைகளில் அது தீர்ந்துபோகும் எரிபொருளாகி, பிறகு விளையாட்டுகளுக்குள் வந்தது. அங்கே யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மாவோரிகளின் 'மராயே' என்னும் ஊர்ப்பொது வெளியில் நிலைமை வேறு. விருந்தினர் வந்தால் வரவேற்பு உரைகள், மூக்கோடு மூக்கு தொடும் வணக்கம், பிறகு பந்தி. ஊரின் மனா அந்தப் பந்தியில்தான் நிற்கிறது. அந்த வட்டாரத்துக்குப் பேர்போன மீனோ சிப்பியோ தட்டு நிறைய வர வேண்டும். வந்தவர்கள் அரைவயிற்றோடு திரும்பினால், வம்சாவளியை எத்தனை தலைமுறை பின்னோக்கிச் சொன்னாலும் அந்தப் பேச்சு அடங்காது.