படத்தைப் பெருப்பிக்கலாம், முகத்தை இழுக்கலாமா?

"தம்பி, இவருக்கு இப்பிடி உப்பின முகம் இருக்கேல்லையே..."

வீடியோ எடிட்டிங் தொழிலுக்கு வந்த புதிதில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டில் 31ஆம் நாள் நினைவு வீடியோவைப் போட்டுக் காட்டியபோது அந்த அம்மா சொன்னது. கணவரின் இளமைக்காலப் படம் என்று அவரிடம் மிஞ்சியிருந்தது, அடையாள அட்டைக்காக எடுத்த ஒரு பாஸ்போட் சைஸ் படம் மட்டும்தான். அல்பங்கள் எல்லாம் 1995 போர் இடப்பெயர்வோடு போய்விட்டன. திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடக்கிறதே என்று நான் அந்தப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பியிருந்தேன்.

பாஸ்போட் சைஸ் படம் 35 மில்லிமீற்றர் அகலம், 45 மில்லிமீற்றர் உயரம். இன்றைய ரிவித் திரை 16:9, அதாவது அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு. இதை அதற்குள் இழுத்தால் முகம் இரண்டேகால் மடங்குக்கும் மேலாக அகன்றுவிடும். நாலு நாள் அந்த வேலையோடேயே இருந்ததில் என் கண்ணுக்கு அது பழகிப் போயிருந்தது.

திரைக்குப் பொருந்தாத படத்தை என்ன செய்யலாம்? முழுப் படமும் தெரியும்படி உள்ளே அடக்கலாம், அப்போது ஓரங்களில் வெற்றிடம் வரும். திரை நிரம்பும்வரை பெருப்பிக்கலாம், அப்போது படத்தில் கொஞ்சம் வெட்டுப்படும். இரண்டிலும் நீள அகல விகிதம் மாறாது. மூன்றாவது வழிதான் நான் செய்த இழுவை. மென்பொருளில் அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனி ஸ்கேல் (அளவு வீதம்) கொடுக்கும் வசதி இருக்கும். வேறு தேவை இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

வெட்டுப்படுவதிலும் கவனம் வேண்டும். கலியாண வீட்டில் கமெராவில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் 3:2. 6000க்கு 4000 பிக்சல் படம் ஒன்றை 1920க்கு 1080 டைம்லைனில் (வீடியோவைக் கோக்கும் சட்டகத்தில்) முழுதாக அடக்கினால் அகலம் 1620தான் வரும், பக்கத்துக்கு 150 பிக்சல் வெறுமை. நிரப்பினால் உயரம் 1280 ஆகி, மேலே 100, கீழே 100 வெட்டுப்படும். மேலே போகும் அந்த 100இல்தான் மாப்பிள்ளையின் தலைப்பாகை இருக்கும்! பொசிஷனை மாற்றிப் படத்தை 100 பிக்சல் கீழே இறக்கினால் தலைப்பாகை தப்பும், வெட்டு முழுவதும் கால்பக்கம் போகும். ஒரு படத்துக்குப் பத்து விநாடி வேலை. ஆனால் இருநூறு படங்களையும் ஒன்றாகத் தெரிவு செய்து ஒரே அமுக்கில் நிரப்புகிறவர்கள் அந்தப் பத்து விநாடியைக் கொடுப்பதில்லை.

பழைய விஎச்எஸ் கசெற்றிலிருந்து மாற்றிய கலியாண வீடியோக்களிலும் இதே வில்லங்கம்தான். அவை 4:3. அகன்ற திரையில் 1440 பிக்சல் அகலத்தோடு நிற்க வேண்டியவை. 1920க்கு இழுத்தால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள். அந்தக் காலத்து ஒல்லிப் பெடியளைத் தொப்பையர்களாகக் காட்டும் டிவிடிகள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன.

அடுத்தது தெளிவு. பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் 'ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்', 'செட் டு ஃப்ரேம் சைஸ்' (புதிய பதிப்புகளில் 'ஃபிட் டு ஃப்ரேம்') என்று இரண்டு கட்டளைகள். போட்டவுடன் திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். முதலாவது, படத்தை டைம்லைன் அளவுக்குச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தையே 100 வீதம் என்று வைத்துக்கொள்ளும். பிறகு முகத்துக்குக் கிட்டப் போக ஸூம் செய்தால் சுருங்கிய படமே பெருத்து மங்கும். இரண்டாவது, மூலப் பிக்சல்களை அப்படியே வைத்து ஸ்கேல் எண்ணை மட்டும் மாற்றும். 4கே காட்சி (3840க்கு 2160 பிக்சல்) 1080 டைம்லைனில் 50 வீதம் என்று காட்டும், 100 வரை தாராளமாகக் கிட்டப் போகலாம். எனக்கு எப்போதும் இரண்டாவதுதான்.

ஆனால் மூலத்திலேயே பிக்சல் இல்லையென்றால் எந்தக் கட்டளையும் உதவாது. நினைவு வீடியோவுக்கு ஆட்கள் அனுப்புவது, கல்வெட்டில், அதாவது 31ஆம் நாள் நினைவு மலரில், அச்சான படத்தை போனால் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டது. பெருப்பித்தால் கன்னம் முழுக்க அச்சுப் புள்ளி. வட்ஸ்அப் வேறு தன் பங்குக்குச் சுருக்கிவிடும். ஆகவே மூலப் படத்தைக் கேளுங்கள். போனில் இருப்பதென்றால் டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். கையில் இருக்கும் பாஸ்போட் சைஸ் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் செய்தால் உயரம் ஏறத்தாழ 1060 பிக்சல் வரும், 1080 திரைக்கு மட்டுமட்டாகக் காணும். மெல்ல ஸூம் செய்யும் எண்ணம் இருந்தால் 1200 வைக்கலாம். அதற்கு மேலே போனால் கடதாசியின் சொரசொரப்புத்தான் கூடும்.

வெற்றிடத்தை மறைக்க அதே படத்தைப் பெருப்பித்து மங்கலாக்கிப் பின்னால் போடுவது இப்போதைய வழக்கம். பிறந்தநாள் வீடியோவுக்குப் பரவாயில்லை. செத்துப்போனவரின் முகத்துக்குப் பின்னால் அதே முகம் பூதாகரமாகக் கலங்கி நிற்பதை என்னால் பார்க்க முடிவதில்லை. கடும் மண்ணிறமோ கறுப்போ போதும்.

அன்றிரவு அப்படித்தான் திருத்தினேன். படத்தைத் திரும்ப ஸ்கான் செய்து, நடுவில், திரையின் முழு உயரத்துக்கு வைத்தேன். பின்னால் மண்ணிறம். அடுத்த நாள் அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது மகன் கனடாவிலிருந்து வீடியோ கோலில் இருந்தார்.

"ஏனம்மா ரெண்டு பக்கமும் வெறுமையாக் கிடக்கு?"

"அது கிடக்கட்டும், நீ கொப்பரைப் பார்."