‘ஆன்டி ஹீரோ’ கதைகளும் எட்டு மணி நேர லொகேஷனும்

ஆன்லைனில் தமிழ் நாவல் படிப்பவர்களுக்கு ‘ஆன்டி ஹீரோ’ கதை என்றால் விளக்கம் தேவையில்லை. நாயகன் நாயகியைப் பின்தொடர்வான், கடத்துவான், கட்டாயத் தாலி கட்டுவான். கடைசி அத்தியாயத்தில் அவள் அவன் தோளில் சாய்ந்திருப்பாள். ஆங்கிலத்தில் டார்க் ரொமான்ஸ் என்ற பெயரில் ஓடுவதும் இதே வேட்டைக்காரன், இரை கதைதான்.

“இதைப் படித்தால் பிள்ளை கெட்டுப்போகாதா மேடம்?” என்று பெற்றோர் மனநல ஆலோசகரான என்னிடம் கேட்பதுண்டு. படிப்பதாலேயே யாரும் கெட்டுப்போவதில்லை. பயத்துக்கும் கிளர்ச்சிக்கும் நெஞ்சு ஒரே மாதிரித்தான் படபடக்கும். அந்தப் படபடப்பைக் கதையில் பத்திரமாக அனுபவிக்கலாம். பிடிக்கவில்லையா, மூடிவிடலாம்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். இந்தக் கதைகளில் நடுநடுவே அவன் பார்வையில் ஓர் அத்தியாயம் வரும். அவளை அறைந்துவிட்டு அவன் தனியே அழுவது நமக்குத் தெரியும். சின்ன வயதில் அவன் பட்டதெல்லாம் தெரியும். அவன் மனதில் இருப்பது காதல்தான் என்று எழுத்தாளரே உத்தரவாதம் தந்துவிடுகிறார். நிஜத்தில் அந்த அத்தியாயத்தை யாரும் நமக்கு எழுதித் தருவதில்லை; அவன் செய்வது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கதைகளிலேயே ஊறிய சில பெண்கள் அதைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். “என் மேல அவ்ளோ பாசம் மேடம், அதான் அப்படிப் பண்றான்.”

அப்படிச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே இருக்கிறாள் என்று அவன் போனில் பார்த்துக்கொண்டே இருக்க, அவளைப் போடச் சொல்லும் லைவ் லொகேஷனைப் பற்றி. வாட்ஸ்அப்பில் அது அதிகபட்சம் 8 மணி நேரம் ஓடும். முடிந்ததும் மறுபடி போட வேண்டும். வகுப்பிலோ தூக்கத்திலோ மறந்துவிட்டால் மிஸ்டு கால் மேல் மிஸ்டு கால். அப்புறம் இரண்டு நாள் பேச மாட்டான். பிறகு மன்னிப்பு, சாக்லேட், பழைய கொஞ்சல். தண்டனையும் கொஞ்சலும் இப்படி மாறி மாறி வந்தால், அடுத்த கொஞ்சலுக்காகவே மனம் காத்துக் கிடக்கும். நன்றாகப் படித்த, விவரமான பெண்களும் இதில் மாட்டுவார்கள்.

“இன்னைக்கு லொகேஷன் போட மாட்டேன்னு உன்னால சொல்ல முடியுமா?” என்று கேட்பேன். சொல்ல பயம் என்றால், அந்தப் பயத்தைப் பற்றித்தான் மேற்கொண்டு பேசுவோம். உடனே போய்ச் சொல்லிப் பார் என்று அனுப்புவதில்லை. வீட்டிலோ ஹாஸ்டலிலோ நம்பிக்கையான ஒருவருக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டும். மெசேஜ்களை அழிக்கக் கூடாது. பெற்றோர் இந்த நேரத்தில் போனைப் பிடுங்கினால், அடுத்த முறை பெண் எதையும் சொல்ல மாட்டாள்.

விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வது 2013 முதல் இந்தியாவில் தனிக் குற்றம். இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் வருகிறது; முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. பெண்கள் உதவி எண் 181. இரவிலும் அழைக்கலாம்.