பழைய கோ-ஆப் வீடு: சுவரைத் தட்டிப் பார்த்தீர்கள், மினிட்ஸைப் படித்தீர்களா?

போன மாதம் ஒரு தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். நியூயார்க் குவீன்ஸில், ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம், 1930-களில் கட்டிய ஆறு மாடிக் கட்டடம். அதில் நான்காம் மாடியில் இரண்டு பெட்ரூம் கோ-ஆப் (கூட்டுறவு வீடு), விலை 4,80,000 டாலர். "அக்கா, ரூம் எவ்வளவு பெருசு பாருங்க! பக்கத்து வீட்டு டிவி சத்தம்கூடக் கேக்கல" என்றார் மனைவி. கணவர் சுவரைத் தட்டிப் பார்த்து வீடியோவே எடுத்து வைத்திருந்தார்.

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அந்தக் காலத்துக் கட்டடங்களில் சுவர் கனம், கூரை உயரம், அறைகள் தாராளம். விலையும் அதே தெருவிலுள்ள கண்டோவைவிட, அதாவது தனிப் பத்திரத்தோடு வாங்கும் ஃபிளாட்டைவிட, குறைவாகவே இருக்கும். ஆனால் வக்கீலாக என் வேலை சுவருக்கு அப்பால் தொடங்குகிறது.

கோ-ஆப்பில் உங்கள் பெயரில் வீட்டுப் பத்திரம் எதுவும் பதிவாகாது. கட்டடம் முழுக்க ஒரு கார்ப்பரேஷனின் சொத்து. அதில் நீங்கள் பங்கு வாங்குகிறீர்கள். பங்கோடு சேர்த்து, அந்த வீட்டில் குடியிருக்க ஒரு லீஸ் தருவார்கள். பத்திரம், பட்டா, வில்லங்கம் என்று பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இது புரியவே இரண்டு சந்திப்பு ஆகும். இதில் ஒரு லாபமும் உண்டு. கண்டோவுக்கு 4,00,000 டாலர் கடன் வாங்கினால் அடமானப் பதிவு வரி மட்டும் 1.8 சதவீதம், அதாவது ஏறக்குறைய 7,200 டாலர். கோ-ஆப் பங்கு அசையாச் சொத்து இல்லை என்பதால் அந்த வரியே கிடையாது.

மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸைப் பார்த்ததும் பலர் மிரண்டுபோகிறார்கள். கண்டோவோடு ஒப்பிடும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கட்டடத்தின் சொத்து வரி, ஹீட்டிங், வெந்நீர், ஊழியர் சம்பளம், கட்டடத்தின் மேல் இருக்கும் கடனுக்கான தவணை எல்லாம் அதற்குள் அடக்கம். வரிக்கும் கடன் வட்டிக்கும் போகும் பங்கை வருமான வரியில் கழிக்க, வரம்புக்கு உட்பட்டு, இடம் உண்டு.

அந்தக் கட்டடக் கடனில்தான் பெரும்பாலும் விஷயம் ஒளிந்திருக்கிறது. இந்தத் தம்பதியின் கட்டடத்துக்கு மொத்தம் 30,000 பங்கு. அவர்கள் வீட்டுக்கு 420. கடன் 45 லட்சம் டாலர். ஒரு பங்குக்கு 150 டாலர் வீதம், 420 பங்குக்கு 63,000 டாலர். விளம்பரத்தில் இந்தத் தொகை எங்கும் வராது. ஆனால் வாங்கிய மறுநாளிலிருந்து அதைச் சுமப்பது நீங்கள்தான். கடன் எப்போது முடிகிறது என்பதையும் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட கடன்கள் பலவும் பத்து வருடத்தில் மொத்தமாகத் திருப்பவோ, புதுப்பிக்கவோ வேண்டியவை. வட்டி மலிவாக இருந்தபோது 2.9 சதவீதத்தில் வாங்கிய கடனை 6 சதவீதத்தில் புதுப்பித்தால், வட்டி மட்டுமே வருடத்துக்கு 1,39,500 டாலர் கூடும். இவர்கள் பங்குக்கு மாதம் 160 டாலருக்கு மேல். கணவர் போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

அடுத்து மினிட்ஸ். நிர்வாகக் குழு, அதாவது போர்டு, கூடும் ஒவ்வொரு முறையும் எழுதிவைக்கும் குறிப்பு. வாங்குபவரின் வக்கீல் குறைந்தது இரண்டு வருட மினிட்ஸையாவது படித்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். ஆடிட் செய்த வரவு செலவு அறிக்கை கட்டடத்தின் ஜாதகம் என்றால், மினிட்ஸ் அதன் டைரி. இந்தக் கட்டடத்தின் மினிட்ஸில் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: "பாய்லர் மாற்றுவது பற்றிப் பேசப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு." எண்ணிப் பார்த்தேன், பதினொரு முறை. இடையில் வேறொன்று: "சி வரிசையில் கசிவு. 5-சி புகார். பிளம்பர் வந்து பார்த்தார்." நான்கு மாதம் கழித்து, "3-சி கூரையில் ஈரம்." இவர்கள் வாங்கப்போவது இரண்டுக்கும் நடுவிலுள்ள 4-சி. வீடியோவை மறுபடி போடச் சொன்னேன். குளியலறைக் கூரையில் மட்டும் பெயின்ட் பளிச்சென்று புதிதாக இருந்தது. மற்ற அறைகளில் பழைய வெள்ளை லேசாக மஞ்சளித்திருந்தது.

கட்டடத்துக்குள் செங்குத்தாக ஓடும் பழைய குழாய்கள் உள்ளுக்குள் துருப்பிடித்து, தடம் சுருங்கி, ஒருநாள் ஓட்டை விழும். சுவருக்குள் ஓடும் பொதுக் குழாயைச் சரிசெய்வது சாதாரணமாகக் கார்ப்பரேஷனின் பொறுப்பு. உடைத்த இடத்தில் உங்கள் டைல்ஸை மறுபடி ஒட்டித் தருவார்களா என்பதை லீஸில் பார்க்க வேண்டும். பல லீஸ்களில் வெறும் பூச்சோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பழைய கட்டடத்தைப் பார்க்கக் குளிர்காலத்தில் போங்கள். ஜனவரியில் பாதி ஜன்னல்கள் திறந்திருந்தால் நீராவி ஹீட்டிங் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். மேல் மாடிக்காரர் நடுங்காமல் இருக்க, கீழே இருப்பவர் வேகிறார். எரிபொருள் செலவு எல்லோர் தலையிலும். ஜன்னலுக்கு மேலே இரும்பு விட்டம் துருத்தி செங்கலைத் தள்ளியிருக்கிறதா என்று தெருவிலிருந்தே தெரியும்.

வெளிச்சுவர் விஷயத்தில் நியூயார்க் நகரம் கண்டிப்பாக இருப்பதற்கு ஒரு துயரக் காரணம் உண்டு. 1979-ல் பிராட்வேயில் ஒரு கட்டடத்திலிருந்து விழுந்த துண்டு பட்டு கிரேஸ் கோல்ட் என்ற கல்லூரி மாணவி இறந்துபோனார். மறுவருடமே சட்டம் வந்தது. 1998-ல் அது இன்னும் இறுகி லோக்கல் லா 11 ஆனது. ஆறு மாடிக்கு மேலுள்ள கட்டடங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை வெளிச்சுவரைப் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும். உதாரணத்துக்கு, இதே 30,000 பங்குள்ள ஒரு கட்டடத்தில் வேலைக்கு 6,00,000 டாலர் ஆகிறது, கையிருப்பு நிதி இல்லை என்றால், பங்குக்கு 20 டாலர் அசெஸ்மென்ட், அதாவது கூடுதல் வசூல். 420 பங்குக்கு 8,400. ஜாக்சன் ஹைட்ஸின் பல கட்டடங்கள் சரியாக ஆறு மாடியோடு நிற்பதால் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அதை விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது அரைச் சந்தோஷம்தான். மழைநீருக்கு மாடிக் கணக்கு தெரியாது; யாரும் பார்க்காத சுவரில் முப்பது வருட ஈரம் இருக்கலாம். தெருவைப் பார்த்த மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை மட்டும், 2024 முதல், கட்டடம் எவ்வளவு உயரமானாலும் வருடாவருடம் பரிசோதிக்க வேண்டும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

லோக்கல் லா 97 என்ற பெயரைக் கேட்டாலே இப்போது எல்லோரும் பயப்படுகிறார்கள். பொதுவாக 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2024 முதல் கரியமில வாயு வரம்பு. மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். 50 டன் மீறினால் 13,400 டாலர். நம் கணக்கில் இந்த வீட்டின் பங்கு வருடத்துக்கு 190 டாலர்கூட வராது. ஆகவே அபராதத்துக்காக யாரும் வீட்டை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. 2030-ல் வரம்பு இறுகும்போது பாய்லரை என்ன செய்யப்போகிறார்கள், பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. பதினொரு முறை ஒத்திவைத்த போர்டிடம் அதற்குப் பதில் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

போர்டு உங்களை நிராகரிக்கலாம், காரணமும் சொல்ல வேண்டியதில்லை. இனம், மதம், பிறப்பிடம் போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவது மட்டும் சட்டவிரோதம். நம்மவர்கள் அடிக்கடி மாட்டுவது கையிருப்புக் கேள்வியில். வீடு வாங்கிய பிறகும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ தவணையும் மெயின்டனன்ஸும் கட்டும் அளவுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும் என்பார்கள். ஊரிலுள்ள நிலத்தையும் லாக்கர் நகையையும் பட்டியலில் போட்டு ஒருவர் என்னிடம் வந்தார். அதை எந்த போர்டும் கையிருப்பாக எண்ணாது. அதேபோல வேலை வேறு மாநிலத்துக்கு மாறினால் வாடகைக்கு விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல கட்டடங்களில் இரண்டு வருடம் நீங்களே குடியிருந்த பிறகுதான் அனுமதி, அதுவும் சில வருடங்களுக்கு மட்டும். விற்றுவிட்டுப் போகலாம் என்றாலும் பல இடங்களில், விற்கும்போது வசூலிக்கும் ஃப்ளிப் டாக்ஸ் காத்திருக்கும். பெயரில்தான் டாக்ஸ், போய்ச் சேருவது கார்ப்பரேஷனுக்கு.

இத்தனைக்குப் பிறகும் அந்தத் தம்பதியை வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. பல வருடம் குடியிருக்கப்போகிறார்கள், வருமானத்தோடு பார்த்தால் கடன் குறைவு, பள்ளி நடந்துபோகும் தூரம். சி வரிசைக் கசிவையும் பாய்லரையும் காட்டி விலையில் 15,000 டாலர் குறைத்தோம். ஒப்பந்தத்துக்கு முன் அறிவித்த அசெஸ்மென்ட் எதுவானாலும் விற்பவர் தலையில் என்று ஒரு வரி சேர்த்தோம்.

வரும் வியாழக்கிழமை போர்டு நேர்காணல். நேற்று ராத்திரி கணவர் போன் செய்தார். "அக்கா, கோட் போடணுமா?"

போடுங்கள் என்றேன். "அப்புறம், பாய்லரைப் பத்தி அங்க வாயே திறக்காதீங்க."