லிட்டில் இந்தியா மாடிவீடும் மரபுப் பகுதிச் சட்டமும்: வாடகைக்கு இருப்போருக்கு என்ன பாதுகாப்பு?

"இது மரபுப் பகுதி தம்பி. எங்களை யாரும் கிளப்ப முடியாது." மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகர் ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா வட்டாரத்தின் லெபோ குவீன், லெபோ கிங், லெபோ பினாங்கு (லெபோ என்றால் தெரு) பக்கம், கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள கடைவீட்டு மாடிகளில் குடியிருக்கும் பெரியவர்கள் பலர் என்னிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கும். அவர்கள் நம்பியிருக்கும் பாதுகாப்பு சட்டத்தில் இல்லை. யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஊர் இருப்பதையொட்டிய மரபுப் பகுதி விதிகள் சுவரையும் கூரையையும் முகப்பையும் உயரத்தையும் காக்கின்றன. அந்தக் கூரைக்குக் கீழே வாடகைக்கு இருக்கும் குடும்பத்தைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் கிடையாது. குடும்பத்துக்கு உதவக்கூடிய சட்டங்கள் வேறு இருக்கின்றன. அவற்றை அறிந்தவர்கள் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், பெரியவர்களுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் வந்தபோது வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. பின்னாளில் அது 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைபெற்றது. 1948 ஜனவரி முடிவதற்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு அது பொருந்தியது. வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது, நினைத்தபடி காலி செய்யச் சொல்லவும் முடியாது. பினாங்கில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இதன் கீழ் இருந்தன. அச்சகம், மசாலா அரைக்கும் மில், பொற்கொல்லர் பட்டறை, பூக்கடை எல்லாம் மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் நின்றதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். கூரை ஒழுகினாலும் பழுதுபார்க்க வீட்டுக்காரருக்கு மனம் வராமல் போனதற்கும் அதே சட்டம்தான் காரணம். கையில் வரும் சொற்ப வாடகைக்கு யார் ஓடு மாற்றுவார்கள்? இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1997-இல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. இடைக்காலமாக 1999 டிசம்பர் 31 வரை அவகாசம். 2000 ஜனவரி 1 முதல் பாதுகாப்பு முழுவதும் போய்விட்டது. என் தாத்தா குடும்பம் அந்த ஆண்டில்தான் மாடியைக் காலி செய்தது. வாடகை ஒரே கடிதத்தில் பல மடங்காக ஏறியது. கடிதம் வந்த நாளில் பாட்டி அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் காட்டாமல் ஒரு வாரம் இருந்தார். அந்த ஒரு வாரத்தில் லோயரிடம் போயிருந்தால் ஏதாவது அவகாசம் கேட்டிருக்கலாம் என்று அப்பா இன்றும் சொல்வார்.

யுனெஸ்கோ வந்தது அதற்குப் பிறகு. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்து உலக மரபுப் பட்டியலில் ஏறின. ஜார்ஜ்டவுனில் மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றியுள்ள காப்புப் பகுதி 150.04 ஹெக்டேர். லிட்டில் இந்தியா மையப் பகுதிக்குள் வருகிறது. ஆக, வாடகைப் பாதுகாப்பு நீங்கிய எட்டாண்டுக்குப் பிறகுதான் மரபுப் பாதுகாப்பு வந்தது. பெரியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். பட்டியலில் ஏறிய பிறகு வெளியூர்ப் பணம் வந்தது. கடைவீடுகள் கைமாறின, தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் ஆயின. 2009-இல் மரபுப் பகுதியில் குடியிருந்தோர் 10,000-த்தைச் சற்றே தாண்டியிருந்தனர். 2013-இல் மீண்டும் எண்ணியபோது அது 10,000-க்குக் கீழே இறங்கிவிட்டது.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. ஆசியாவின் பல பண்பாடுகள் கூடி வாழ்ந்ததற்கு உயிருள்ள சாட்சி என்றுதான் ஜார்ஜ்டவுன் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், சூலியா தெருவின் நாகூர் தர்கா, 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் அந்தச் சாட்சியில் அடக்கம். கோயிலுக்குப் பூக்கட்டுபவர் கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வர வேண்டியிருந்தால் சாட்சியில் பாதி போய்விட்டது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, மரபு விதிகள் என்னதான் செய்கின்றன? 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டம், மாநிலத்தின் 2011 மரபுச் சட்டம் ஆகியவற்றோடு, 2016-இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம்தான் அன்றாடம் கையில் எடுக்கப்படுவது. அது கட்டடங்களை வகை பிரிக்கிறது. கோயில், பள்ளிவாசல் போன்ற தனிச் சிறப்புள்ளவை முதல் வகை. நம் கடைவீடுகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. காலி மனைகளுக்கும், மரபு மதிப்பில்லாத பிற்காலக் கட்டடங்களுக்கும் தனித்தனி வகை. புதிதாக எழுப்பும் எதுவும் 18 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டாம் வகை வீட்டில் எது மாறக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டும். ஒரு கடைவீட்டின் அகலம் பெரும்பாலும் ஓர் உத்திரக்கட்டையின் நீளம். இருபுறமும் பக்கத்து வீட்டோடு பகிர்ந்த சுவர், அதன்மேல் மாடியைத் தாங்கும் மரக்கட்டைகள். அகலம் குறைவு என்பதால் வீடு பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். நடுவில் திறந்த முற்றம் இல்லாவிட்டால் உள்ளே இருட்டும் புழுக்கமும்தான். முன்னால் அஞ்சடி, அதாவது எல்லாரும் நடந்துபோகும் கூரையுள்ள நடைபாதை. 1822-இல் சிங்கப்பூருக்கு ஆங்கில அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த விதி பின்னர் இங்கேயும் வழக்கமானது. சுவர் செங்கல், பூச்சு சுண்ணாம்பு. சுண்ணாம்பு மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். அதனால்தான் விதிகள் சுண்ணாம்பைக் கேட்கின்றன. முற்றத்தை மூடுவது, அஞ்சடியை அடைப்பது, முகப்பை மாற்றுவது, தெருவிலிருந்து தெரியும்படி மாடி ஏற்றுவது எல்லாம் மறுக்கப்படும் வேலைகள்.

இங்கே வாடகைக்கு இருப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஈரச் சுவரைப் பார்த்துப் பார்த்துச் சகிக்காமல், தன் சொந்தக் காசில் சிமெண்ட் பூசிய பலரை நான் அறிவேன். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அனுமதி இல்லாமல் செய்த வேலைக்கு அவர்களே பதில் சொல்ல நேரலாம். போட்ட காசும் திரும்பாது. செலவழிக்குமுன் கொம்தார் கோபுரத்தில் உள்ள மாநகர் மன்றத்திடமோ, லெபோ ஆச்சேயில் இருக்கும் ஜார்ஜ்டவுன் உலக மரபு நிறுவனத்திடமோ கேளுங்கள். பழுதுக்கான செலவை யார் ஏற்பது, காலி செய்தால் அதில் எவ்வளவு திரும்பும் என்பதை வீட்டுக்காரரோடு எழுத்தில் போடுங்கள்.

வீட்டுக்காரர் பக்கமும் கட்டுப்பாடு உண்டு. குடியிருப்பாக இருந்த மாடியை விடுதியாக மாற்றுவது 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி ஒரு மேம்பாட்டு வேலை. அதற்குத் திட்டமிடல் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்தால் 500,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நீங்கள் இன்னும் குடியிருக்கும்போதே கீழ்த்தளத்தில் சுவர் உடைக்கும் சத்தம் கேட்டால், அனுமதி இருக்கிறதா என்று மாநகர் மன்றத்தில் கேளுங்கள். வேலையை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஆனால் இதைப் பெரிதாக நம்பிவிடாதீர்கள். வேலை நின்றால் கட்டடம் பிழைக்கும், உங்கள் வாடகை ஒப்பந்தம் அதனால் ஒரு நாள்கூட நீளாது.

இனி உங்களைக் காப்பவை. மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. சிதறிக் கிடக்கும் சில பிரிவுகள்தான் துணை.

முதலாவது, எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டியது: ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் 1950, பிரிவு 7(2). வாடகைக் காலம் முடிந்த பிறகும் நீங்கள் உள்ளே இருந்தால், வீட்டை மீட்க வீட்டுக்காரர் நீதிமன்றம் போயாக வேண்டும். பூட்டை மாற்றுவது, கூரை ஓட்டைக் கழற்றுவது, சாமான்களை அஞ்சடியில் தூக்கிப் போடுவது எதற்கும் அவருக்கு உரிமை இல்லை. லெட்டர் காட்டுவதற்கும் கோர்ட்டு உத்தரவு காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. யாராவது காகிதத்தோடு வந்தால், அதில் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பூட்டிவிட்டார்கள் என்றால் படம் எடுங்கள், போலீஸ் புகார் கொடுங்கள். "இது சிவில் வழக்கு" என்று சொல்லி அனுப்பினாலும் அந்தப் புகார்த் தாள் பின்னால் சாட்சியாகும்.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளேயே உட்கார்ந்திருப்பது இலவசம் அல்ல. காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரு மடங்கு வாடகை கேட்க 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் பிரிவு 28(4) வீட்டுக்காரருக்கு வழி தருகிறது. வாடகை பாக்கி இருந்தால், 1951-ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டத்தின்படி 12 மாத பாக்கி வரைக்கும் சாமான்களை ஜப்தி செய்ய நீதிமன்ற வாரண்டு வாங்கலாம். ஆகவே சண்டை நடக்கும்போதும் வாடகையைக் கட்டிக்கொண்டே இருங்கள். வாங்க மறுத்தால் வங்கி வழியே அனுப்பி, சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கட்டடம் விற்கப்படும்போது என்ன ஆகும் என்பது. இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தேசிய நிலச் சட்டப்படி மூன்றாண்டு வரையிலான வாடகையைப் பதிவு செய்யத் தேவையில்லை, வாய்மொழியாகவும் கொடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாடகை நிலப் பட்டாவில் குறிக்கப்படாவிட்டால், புதிதாக வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது. பழைய முதலாளி "நீங்க இருக்கிற வரைக்கும் இருங்க" என்று சொன்னது அவரோடு போய்விடும். இதைத் தடுக்க பிரிவு 316-இன் கீழ் நில அலுவலகத்தில் விண்ணப்பித்து, பட்டாவில் வாடகைக் குறிப்பு ஏற்றலாம். ஏற்றிவிட்டால் அடுத்த உரிமையாளரும் மீதமுள்ள காலத்தை மதிக்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கும் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறார்கள் என்று நான் விசாரித்துப் பார்த்ததில், கேள்விப்பட்டவரே அரிது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே வீட்டுக்காரரிடம் பேசி முடித்தால் சுலபம். விற்கப் போகிறார் என்று தெரிந்த பிறகு கேட்டால் முகம் திரும்பிவிடும். மூன்றாண்டுக்கு மேல் இருக்க வேண்டுமானால் குத்தகையாகவே பதிவு செய்ய வேண்டும்.

மாதாமாதம் ரொக்கம் கொடுத்து, ஒப்பந்தமே இல்லாமல் இருப்பவர்கள் மாத வாடகைதாரர்கள். பொதுவாக அவர்களுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு போதும். முப்பது ஆண்டு இருந்தாலும் அந்த ஒரு மாதம்தான். கேட்க நெஞ்சு பொறுக்காது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மூன்றாம் ஆளிடமிருந்து உள்வாடகைக்கு எடுத்தவர்கள் இன்னும் மோசமான நிலையில் இருக்கிறார்கள். அந்த நடுவாளின் ஒப்பந்தம் முடிந்தால் இவர்களுடையதும் பெரும்பாலும் முடிந்தது. உங்களுக்கு வாடகைக்கு விட்டவர் உண்மையில் உரிமையாளர்தானா என்பதை நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். சில கட்டடங்கள் கோயில், வக்ஃபு அல்லது சங்கச் சொத்தாக இருக்கும். அங்கே தனியாள் முதலாளியோடு பேசுவதைவிட நிர்வாகத்திடம் எழுதிக் கேட்க வழி உண்டு.

கம்போங் புவா பாலாவை இங்கே பலர் நினைப்பார்கள். 2009-இல் இடிக்கப்பட்ட அந்தத் தமிழர் கிராமத்தின் வழக்கு வேறு வகை. அங்கே மக்கள் கையில் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம், மரபுப் பகுதியும் அல்ல. இருந்தாலும் வீட்டில் பழைய உரிமத் தாள் ஏதாவது இருந்தால், அது வாடகை ஒப்பந்தமா, உரிமமா என்று ஒரு லோயரைக் கொண்டு படித்துப் பார்த்துவிடுங்கள்.

ஒப்பந்தம் இருந்தால் அதற்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். கட்டாத தாளை, வரியும் தாமதக் கட்டணமும் கட்டும் வரை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. லோயருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம். போகும்போது ஒப்பந்தம், வாடகை ரசீதுகள், பழுதுபார்த்த பில்கள், வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். கடிதம் வந்த உறையையும் எறியாதீர்கள். அதன் மேல் இருக்கும் அஞ்சல் முத்திரை, முன்னறிவிப்பு எப்போது அனுப்பப்பட்டது என்று பார்க்க லோயருக்கு உதவும். கடிதம் வந்தால் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடாமல், அந்த வாரத்திலேயே எடுத்துப் போங்கள்.