'கிரிட்டிக்கல் மினரல்ஸ்' அரிய கனிமங்கள் அல்ல

சுரங்கப் பகுதி ஒன்றின் தூய ஆற்றல் கொள்கை பற்றிய தமிழாக்கம் ஒன்றைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "அரிய கனிமங்களில் அரிய கனிமங்களும் அடங்கும்." முதலில் வரும் 'அரிய கனிமம்' மூலத்தில் கிரிட்டிக்கல் மினரல்ஸ் (பொருளாதாரத்துக்கு வேண்டிய, ஆனால் வரத்து நின்றுபோகக்கூடிய கனிமங்கள்), அடுத்தது ரேர் எர்த்ஸ் (அவற்றில் அடங்கும் பதினேழு தனிமங்கள்). செய்திகளில் இந்தக் குழப்பத்தைப் பல முறை கேட்டுவிட்டேன். எழுத்திலும் பார்த்தபின் பொறுக்க முடியவில்லை.

'கிரிட்டிக்கல்' கிரேக்க வேரிலிருந்து வந்தது. பிரித்தறிதல், தீர்மானித்தல் என்று பொருள். நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று முடிவாகும் கட்டத்தை மருத்துவர்கள் அந்த வேர்ச்சொல்லால் குறித்தார்கள். குற்றம் குறை ஆராய்வதும் அதே வேரில் கிளைத்ததுதான். கனிமங்களுக்கு இந்த அடைமொழி புதிதல்ல. 1939-லேயே அமெரிக்கா மூலப்பொருள்களைச் சேமித்து வைக்கும் சட்டம் ஒன்றின் பெயரில் இதைச் சேர்த்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் 14 மூலப்பொருள்களோடு தொடங்கிய பட்டியல் 2023-இல் 34 ஆனது. அங்கே அளவுகோல் இரண்டு: பொருளாதாரத்துக்கு எவ்வளவு வேண்டும், வரத்து நின்றுபோக எவ்வளவு வாய்ப்பு.

இந்த இரண்டில் எதையாவது 'அரிய' சொல்கிறதா? இல்லை. அரிதாகக் கிடைப்பது என்றே எவரும் புரிந்துகொள்வார்கள். இந்தியா 2023-இல் வெளியிட்ட 30 கிரிட்டிக்கல் கனிமங்களின் பட்டியலில் சிலிக்கான் இருக்கிறது. புவி மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்து மிகுதியாக இருப்பது அதுதான், மணலில் பெரும்பகுதி சிலிக்கானின் சேர்மம். அதையா அரியது என்பது? காலியம் என்ற உலோகத்தைப் பாருங்கள். அலுமினியத்துக்காக பாக்சைட் தாதுவைச் சுத்திகரிக்கும்போது துணைப்பொருளாகக் கிடைக்கிறது. பாக்சைட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலியத்தைப் பிரித்தெடுக்கும் தொழில் ஏறத்தாழ முழுக்கச் சீனாவின் கையில். 2023 ஆகஸ்டிலிருந்து ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று சீனா சொன்னதும் வாங்கும் நாடுகள் பதறின. தட்டுப்பாடு மண்ணில் இல்லை, வரும் வழியில். இன்னொன்று: ரேர் எர்த்ஸுக்கு 'அருமண்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பதினேழு தனிமங்களும் பெரிய பட்டியலின் ஒரு பகுதி மட்டுமே. பகுதியின் பெயரை முழுமைக்குச் சூட்டினால் வாசகர் எதை நம்பிப் படிப்பார்?

'முக்கிய கனிமங்கள்' அவ்வளவு தவறில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. இரும்புத்தாதும் முக்கியம்தான், இந்தியப் பட்டியலில் அது இல்லையே. 'விமர்சனக் கனிமங்கள்' என்பதும் கண்ணில் பட்டது. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

என் தேர்வு இன்றியமையாக் கனிமங்கள். ('க்' மிகும், தயவுசெய்து விழுங்காதீர்கள்.) தூய தமிழ் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்தச் சொல்லுக்குள்ளேயே 'இன்றி' இருக்கிறது. இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியை அது தானே எழுப்புகிறது, 'முக்கியம்' எழுப்புவதில்லை. கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவிலிருந்து வருகிறது. அது நின்றால் பல வகை மின்கலங்களின் உற்பத்தி தடுமாறும். அந்த அச்சம் இந்தச் சொல்லில் கேட்கிறது. வரத்து இடர் முழுவதையும் சொல்கிறதா என்றால் இல்லை. முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான்: சொல்லைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. 'இன்றியமையா' என்று எழுதினால் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுத வேண்டிவரும். அது நல்லது. சிலியின் அதகாமா உப்புப் படுகையில் நிலத்தடி உவர்நீரை இறைத்து, குளங்களில் ஓராண்டுக்கு மேல் வெயிலில் வற்றவிட்டு லித்தியம் எடுக்கிறார்கள். உலகின் மிக வறண்ட பாலைகளில் ஒன்று அது. கார் செய்யும் நாட்டுக்கு லித்தியம் இன்றியமையாதது. அந்தப் படுகையின் ஓரத்தில் வாழ்பவர்களுக்குத் தண்ணீர். கொள்கை ஆவணத்தில் இரண்டும் ஒரே சொல்லால் எழுதப்பட வேண்டும்.