மணற்பாறை உள்ளேயும் காய்ந்துவிட்டதா?

மணற்பாறையை உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். நாலைந்து மணல் கையோடு வந்துவிடும். பாறை முழுக்க இதுதான்: குவார்ட்ஸ் துகள்களும், அவற்றை ஒட்டவைத்திருக்கும் சிலிக்கா, கால்சைட், இரும்பு ஆக்சைடு, களிமண்ணும். பாறை ஏறும் விளையாட்டில் ஏறுகிறவரின் உயிர் அந்த ஒட்டில்தான் இருக்கிறது.

செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து கிடக்கும் பாறைமுகத்தை ஸ்லாப் என்பார்கள். கைக்குப் பிடி அதிகம் கிடைக்காது. ஷூவின் உராய்வுதான் ஆளைத் தாங்குகிறது. 30 டிகிரி சரிவில் வழுக்காமல் நிற்க உராய்வுக் கெழு 0.58 போதும், 45 டிகிரியில் 1 வேண்டும். ஷூவின் மெத்தென்ற ரப்பர், மணல் துகள்களின் மேடுபள்ளத்தில் அழுந்திப் பதிவதால் அது கிடைக்கிறது. பயத்தில் பாறையோடு ஒட்டிப் படுத்தால் பாதத்தின் அழுத்தம் குறைந்து கால் நழுவும். குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பைப் பாறையிலிருந்து விலக்கி நில்லுங்கள்.

மழைக்குப் பிறகு கதையே வேறு. நுண்துளைகள் வழியே இறங்கும் நீர் களிமண்ணை உப்பவைக்கும், துகள்களின் பிணைப்பைத் தளர்த்தும். களிமண் மிகுந்த சில மணற்பாறைகள் நனைந்தால் பாதிக்கும் மேல் வலுவிழக்கின்றன. காய்ந்த பாறையில் நூறு பேர் மிதித்த விளிம்பு, ஈரத்தில் ஒருவர் மிதித்ததும் பெயர்ந்துவிடலாம். அது மறுபடி வளராது. வெயில் பட்டதும் மேற்பரப்பு வெளுத்துவிடும்; உள் ஈரம் போக ஓரிரு நாள், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். பாறையடி மண்ணை விரலால் தோண்டுங்கள். கீழே ஈரமா? வீட்டுக்குத் திரும்புங்கள். இதில் சமரசமே கூடாது. ஜெர்மனியின் எல்ப் மணற்பாறைப் பகுதியில் ஈரப் பாறையில் ஏறுவதற்கே தடை. கை வழுக்காமல் பூசிக்கொள்ளும் மெக்னீசியம் கார்பனேட் பொடிக்கும் தடை உண்டு.

கயிற்றை மாட்டப் பாறையில் துளையிட்டுப் பதித்த போல்ட் இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். போல்ட் எஃகுதான், ஆனால் அதைப் பிடித்திருப்பது இதே மணல். விரிந்து இறுகும் வகை துளைச் சுவரை நெருக்கி, மென்பாறையை நாளடைவில் நொறுக்கிவிடும். பிசின் ஊற்றிப் பதிக்கும் நீளமான போல்ட்டே இங்கே பொருத்தம். கையால் ஆட்டினால் அசைகிற போல்ட்டை நம்பி மேலே போகாதீர்கள். பாதையைப் பராமரிப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

பல மணற்பாறைகளுக்கு வெளித்தோல் கெட்டி. உள்ளிருந்து கசிந்த நீர் கொண்டுவந்த தாதுக்கள் படிந்து உண்டான ஓடு அது. கம்பி பிரஷ் அதை உரித்துவிடும். அடியில் இருக்கும் பொலபொலத்த மணல் மழைக்குத் தாங்காது. நைலான் பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

மணல் ஏறிய கயிறு அரம் மாதிரி, உரசும் உலோகத்தைத் தேய்த்துவிடும். பலர் மாறிமாறி ஏறும்போது உச்சியில் உங்கள் சொந்தக் கேரபினர்களில் (திறந்து மூடும் உலோகக் கொக்கிகள்) கயிற்றைப் போடுங்கள். கடைசி ஆள் மட்டும் அங்கே பதித்திருக்கும் நிலையான வளையத்தின் வழியாக இறங்கட்டும்.